பாசிசம்: பம்பாய்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாட்டுங்கா, தாராவி, சயான் கோலிவாடா பக்கத்து ஆட்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி வாசிக்கிறோம். பாசிசத்தின் உளவியலைப் படித்த காலத்தில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகள் இவை. பதில்கள் என்னுடையவை. கூட்டத்தில் எல்லோரும் இவற்றை ஒப்புக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாசிசம் என்றால் சர்வாதிகாரம்தானே? அதற்கு ஏன் தனிப் பெயர்?

வெறும் சர்வாதிகாரிக்கு நீங்கள் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்தால் போதும். பாசிசத்துக்கு அது போதாது. நீங்கள் தெருவுக்கு வர வேண்டும், கொடி பிடிக்க வேண்டும், கோஷம் போட வேண்டும், போடாதவனைக் காட்டிக்கொடுக்கவும் வேண்டும். ராபர்ட் பாக்ஸ்டன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 2004-ல் இதற்குச் சொன்ன விளக்கத்தின் சாரம் இது: நாம் சீரழிந்துவிட்டோம், அவமானப்பட்டுவிட்டோம், நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்ற புலம்பலில் தொடங்கி, ஒற்றுமை, வலிமை, தூய்மை என்ற வழிபாட்டுக்கு வந்து, அதற்காக எந்த வன்முறையும் சரிதான் என்கிற இடத்தில் போய் நிற்கும் அரசியல். பழைய பெரிய மனிதர்களின் ஒத்தாசை இல்லாமல் அது ஆட்சிக்கு வருவதில்லை என்றும் அவர் சொல்கிறார். இந்தக் கடைசிப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சாதாரண ஆட்கள் ஏன் அதில் போய் விழுகிறார்கள்? மூளைச்சலவையா?

மூளைச்சலவை என்று சொல்லிவிட்டால் நமக்கு நிம்மதி. நம் மூளை சுத்தம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஜெர்மனியில் நாஜிக் கட்சி 1928 தேர்தலில் வாங்கியது 2.6 சதவீதம். 1932 ஜூலையில் 37.3 சதவீதம். இடையில் உலகப் பொருளாதாரச் சரிவு. ஆனால் வேலை போனவர்கள் எல்லாம் ஹிட்லருக்குப் போட்டார்கள் என்பது சரியல்ல. வேலை போன தொழிலாளர்களில் கணிசமானோர் கம்யூனிஸ்டுகள் பக்கம்தான் போனார்கள். சிறு கடைக்காரர்கள், சிறு விவசாயிகள், குமாஸ்தாக்கள் ஆகியோரிடம் ஹிட்லருக்கு ஆதரவு அதிகம். அதாவது, கையில் கொஞ்சம் இருந்து அதுவும் போய்விடுமோ என்று பயந்தவர்கள். இழந்தவனின் கோபத்தைவிட இழந்துவிடுவோமோ என்ற பயம் ஆளை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும்.

எரிக் ஃப்ராம் என்ற உளவியலாளர் 1941-ல் இன்னொரு கோணத்தைச் சொன்னார். சுதந்திரம் மனிதனைத் தனியாளாக்குகிறது, அந்தத் தனிமையைத் தாங்க முடியாமல் அவன் தன்னைவிடப் பெரிய ஒன்றில் கரைந்துபோகத் துடிக்கிறான் என்பது அவர் வாதம். எட்டுக்குப் பத்து அறையில் நாலு பேரோடு தங்கி, ஊரிலிருந்து யாரும் போன் செய்யாத ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை இந்த நகரத்தில் கழித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அந்த நேரத்தில் எந்த மண்டலாவது (தெருவில் விழா நடத்தும் குழு) கூப்பிட்டு, நெற்றியில் பொட்டு வைத்து, ‘வா தம்பி’ என்றால் யார்தான் போக மாட்டார்கள்?

ஜெர்மன் சிந்தனையாளர் அடோர்னோவும் அவருடைய சகாக்களும் 1950-ல், கண்டிப்பான வளர்ப்பு அதிகாரத்துக்குப் பணிந்து பலவீனரை மிதிக்கும் ஆளுமையை உருவாக்குகிறது என்றார்கள். அந்த ஆய்வின் முறையில் ஓட்டைகள் அதிகம் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். எனக்குப் பிடித்தது கேரன் ஸ்டென்னர் என்ற அரசியல் உளவியலாளர் 2005-ல் முன்வைத்தது. சிலரிடம் ‘எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்’ என்ற விருப்பம் எப்போதும் உள்ளே படுத்திருக்கும். நாட்டில் ஒற்றுமை குலைகிறது, யாரும் யாருக்கும் கட்டுப்படுவதில்லை என்ற எண்ணம் வந்ததும் அது எழுந்து உட்காரும். அதனால்தான் பத்து வருஷம் நல்லபடியாகப் பழகிய பக்கத்து வீட்டுக்காரர் ஒரே மாதத்தில் வேறு ஆளாகிவிட்டது போலத் தெரிகிறது.

இதெல்லாம் ஐரோப்பாக் கதை. நமக்கும் இதற்கும் என்ன?

1960-களில் இங்கே இருந்த பெரியவர்களைக் கேளுங்கள். ‘மார்மிக்’ என்ற மராத்தி வார இதழில், நகரத்து அலுவலகங்களில் பெரிய பதவிகளில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்கள் வந்தன. வெறும் பெயர்கள்தான். படித்தவர்கள் மீதியைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். 1966 ஜூன் 19 அன்று சிவசேனா தொடங்கியது. லுங்கியை விரட்டு என்ற கோஷம் பிறந்தது. உடுப்பி ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. மலையாளி, கன்னடர், தமிழர் எல்லாருக்கும் ஒரே பெயர், ‘மதராசி’.

அந்தக் கட்சிக்கு பாசிசப் பட்டம் கட்டுவது என் நோக்கமில்லை. அது வேறு விவாதம். மனசு எப்படி வேலை செய்தது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். மராத்தி இளைஞர்களுக்கு வேலை கிடைக்காத குறை உண்மையானது. ஆனால் வேலையை உண்டாக்குகிற முதலாளி கைக்கெட்டாத தூரத்தில் இருந்தார். கைக்கெட்டியவர் இட்லிக் கடைக்காரர். உண்மையான வலி, பக்கத்தில் கிடைக்கிற ஆள், கொஞ்சம் கேலி. இந்த மூன்றும் சேர்ந்தால் போதும். அதிலும் கேலியைக் குறைத்து எடை போடாதீர்கள். ஒருவனுடைய வேட்டியைப் பார்த்துச் சிரித்துப் பழகிய பிறகு அவன் கடைக் கண்ணாடி உடைவது பெரிய விஷயமாகத் தெரியாது.

அப்புறம், அன்று ‘மதராசி’ என்று பேச்சு வாங்கிய குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர் பிற்காலத்தில் அதே கொடியைப் பிடித்தார்கள். இப்போது கூடவே நிற்பதற்கு ஒரு கூட்டம், எதிரே நிறுத்துவதற்கு வேறொரு ஆள். இன்னொன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ‘வடக்கன்’, ‘பான்பராக் வாயன்’ என்று மீம் போடும் நம் தம்பிகளுக்கு, அவர்கள் தாத்தாவை இங்கே எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது தெரியாமலேயே போய்விட்டது.

ஒரு பிரிவை வெறுக்க ஏதாவது காரணம் வேண்டாமா?

வேண்டியதில்லை. ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர், நாஜிகளால் தன் குடும்பத்தைப் பறிகொடுத்தவர், 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் பள்ளிப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்தார். இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கிறது என்பதை வைத்து, நீ இந்தக் குழு, நீ அந்தக் குழு என்று பிரித்ததாகச் சொன்னார். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். யார் எந்தக் குழு என்று பையன்கள் ஒருவரையொருவர் பார்க்கவும் இல்லை. பிறகு காசாக மாற்றக்கூடிய புள்ளிகளைப் பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்கே அதிகம் கொடுத்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் பலர் தன் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க் குழுவைவிட வித்தியாசம் பெரிதாக இருக்க வேண்டும் என்ற வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். தனக்கு நஷ்டம் வந்தும் ஒரு கொள்கையை ஆதரிப்பவர்களைப் பார்த்து ‘இவர்களுக்குப் புத்தி இல்லையா’ என்று கேட்கிறோமே, அதற்கான பதில் இதில் பாதி இருக்கிறது.

கும்பலில் நிற்கிற எல்லாரும் அதை நம்புகிறவர்களா?

இல்லை. இதைப் புரிந்துகொள்வதற்காகத்தான் இத்தனை மாதம் படித்தோம் என்றே சொல்வேன்.

1942 ஜூலையில் போலந்தின் யூசெஃபுஃப் என்ற கிராமத்தில், ஹாம்பர்க்கிலிருந்து வந்த 101-வது ரிசர்வ் போலீஸ் படைக்கு யூதர்களைச் சுட்டுக் கொல்ல உத்தரவு வந்தது. படையில் சுமார் 500 பேர். நடுத்தர வயதுக் குடும்பஸ்தர்கள். உத்தரவைச் சொன்ன மேஜர் டிராப், இது முடியாது என்கிற, வயதில் மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றார். உடனே முன்னால் வந்தவர்கள் ஒரு டஜன் பேர். அவர்களுக்கு எந்தத் தண்டனையும் கிடைக்கவில்லை. மீதிப் பேரில் பெரும்பாலோர் அன்று சுட்டார்கள், சுமார் 1,500 பேர் செத்தார்கள். கிறிஸ்டோபர் பிரவுனிங் என்ற வரலாற்றாசிரியர் விசாரணைக் கோப்புகளை அலசி எழுதியதில் என்னை உலுக்கியது ஒன்று உண்டு. அவர்களில் பலரைப் பிடித்து வைத்தது யூத வெறுப்பைவிட, கூட இருப்பவன் தன்னைக் கோழை என்று நினைத்துவிடுவானோ என்ற கூச்சம். அசிங்கமான வேலையைச் சகாக்கள் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்குவதா என்ற ஒரு கோணலான தோழமை.

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் செய்த கோடு அளக்கும் சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். கண்ணுக்கு முன்னால் தெரிகிற கோட்டின் நீளத்தைக் கூட்டம் தப்பாகச் சொன்னால், தனி ஆளும் ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை அதே தப்பைச் சொன்னார். அறையில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னதும் அந்தத் தப்பு ஏறத்தாழ கால் பங்காகக் குறைந்தது. ஸ்டான்லி மில்கிராம் 1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனையிலும் இதே கதைதான். அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் மின்அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்பது அங்கே உத்தரவு. தனியாக உட்கார்ந்தபோது 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை சுவிட்சைத் தட்டினார்கள் (மின்சாரம் பொய், அவர்களுக்குத் தெரியாது). கூட இருந்த இரண்டு பேர் எழுந்து ‘எங்களால் ஆகாது’ என்று விலகியபோது கடைசிவரை போனவர்கள் 40-க்கு 4 பேர்.

ஆக, பயந்துகொண்டு தலையாட்டுகிறவர்கள் நிறைய. அவர்கள் யாராவது முதலில் மறுக்க மாட்டார்களா என்று காத்திருக்கிறார்கள். அந்த முதல் ஆளை எப்படியாவது இல்லாமல் செய்வதில் பாசிசம் இவ்வளவு குறியாக இருப்பதும் இதனால்தான்.

அப்படியானால் நான் ஒருவன் பேசினால் போதுமா?

சோதனைச் சாலையில் போதும். வெளியே விலை உண்டு, மறைக்க வேண்டியதில்லை.

இத்தாலியில் சோசலிஸ்ட் எம்.பி. ஜாகோமோ மத்தேயோத்தி 1924 மே மாதம் நாடாளுமன்றத்தில் எழுந்து, முசோலினியின் பாசிஸ்டுகள் செய்த தேர்தல் மோசடியை ஒவ்வொன்றாக அடுக்கினார். ஜூன் 10 அன்று கடத்திக் கொல்லப்பட்டார். ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் நாஜி எதிர்ப்புத் துண்டறிக்கை போட்ட சோஃபி ஷோலையும் அண்ணன் ஹான்ஸையும் பிடித்துக் கொடுத்தது ரகசியப் போலீஸ் இல்லை, கட்டடத்தின் பராமரிப்பு ஊழியர். பிடிபட்டது 1943 பிப்ரவரி 18. தலை போனது 22.

இங்கேயும் பார்த்திருக்கிறோம். நெருக்கடி நிலையில், 1976 ஏப்ரலில், உயிர் வாழும் உரிமைக்காகக்கூட நீதிமன்றத்துக்கு வர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் நாலு நீதிபதிகள் சொன்னபோது எச். ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். அடுத்த ஜனவரியில் அவரைத் தாண்டி இளையவர் தலைமை நீதிபதியானார். கன்னா ராஜினாமா செய்தார். திருச்சிப் பக்கம் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளிடையே வேலை செய்த பாதிரியார் ஸ்டேன் சாமி, மாவோயிஸ்ட் தொடர்பு என்ற குற்றச்சாட்டில் 2020 அக்டோபரில் கைதாகி நவி மும்பை தலோஜா சிறையில் இருந்தார். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். கைநடுக்க நோயால் டம்ளர் பிடிக்க முடியாமல், உறிஞ்சிக் குடிக்கும் குவளை கேட்டு நீதிமன்றத்தில் மனு போட வேண்டி வந்தது. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே, மும்பை மருத்துவமனை ஒன்றில் இறந்தார். வயது 84.

ஆனால் பெரும்பாலானோருக்கு வரும் ஆபத்து இவ்வளவு பெரிதாக இருக்காது. சின்னதாக, பக்கவாட்டில் வரும். 2012 நவம்பரில் சிவசேனாவைத் தொடங்கிய பால் தாக்கரே இறந்து மும்பை மூடிக் கிடந்தபோது, எதற்கு இந்த பந்த் என்று பால்கரில் ஒரு இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். தோழி லைக் போட்டார். இருவரும் கைது. எழுதியவரின் உறவினர் ஒருவர் நடத்திய கிளினிக்கைக் கும்பல் அடித்து நொறுக்கியது. வழக்கு பிறகு கைவிடப்பட்டது, போலீஸ் அதிகாரிகள் சஸ்பெண்ட் ஆனார்கள், கைதுக்குப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவையே உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. எல்லாம் சரி. கிளினிக் உடைந்தது உடைந்ததுதானே? பேசியவர் ஒருவர், அடி விழுந்தது இன்னொருவர் பிழைப்பில். குடும்பத்தைக் கேட்காமல் வீரம் காட்டக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

எல்லாருக்கும் ஆபத்து ஒரே அளவா?

இல்லவே இல்லை. எங்கள் கூட்டத்தில் தாராவி இட்லி வியாபாரி ஒருவர் உண்டு. விடியற்காலையில் சைக்கிளில் அலுமினிய அடுக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர். ‘நீங்க பேசுங்க தம்பி, உங்களுக்கு ஆபீஸ்ல லீவு போட்டா போச்சு. நான் நிக்கிற முக்குல நாலு பசங்க வந்து நாளையிலேர்ந்து இங்க வராதன்னா, அடுத்த நாள் மாவ என்ன பண்றது?’ என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

லீவ் அண்ட் லைசன்ஸில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவரை யாரும் அடிக்கத் தேவையில்லை, வீட்டுக்காரர் புதுப்பிக்காமல் விட்டால் போதும். தாராவி மறுசீரமைப்பில் 2000 ஜனவரி 1-க்கு முந்தைய குடியிருப்பு என்று நிரூபிக்கக் காகிதம் தேடிக்கொண்டிருப்பவர், அந்தச் சமயத்தில் எந்தக் கட்சிக்காரரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். செம்பூரில் சொந்த ஃபிளாட்டும் வங்கிப் பென்ஷனும் இருப்பவருக்கு நஷ்டம் என்று பார்த்தால் சொசைட்டி வாட்ஸப் குழுவில் கொஞ்சம் முகச்சுளிப்பு, தீபாவளிப் பலகாரத் தட்டு ஒன்று குறைவு. பெயரைப் பார்த்தே மதம் தெரிகிறவருக்கும், சாதியைச் சொன்னாலே வீடு கிடைக்காதவருக்கும் ஆபத்து பேசுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆகவே முதலில் வாயைத் திறக்க வேண்டியவர்கள் செம்பூர்க்காரர்கள். நடப்பது பெரும்பாலும் தலைகீழ் என்பது என் வருத்தம்.

என் மாமாவே அப்படிப் பேசுகிறார். என்ன செய்ய?

குடும்ப வாட்ஸப் குழுவில் பதில் போடாதீர்கள். பத்து பேர் பார்க்க அவரை மடக்கினால் அவருக்குத் தோற்பதைத் தவிர வேறு வழி இல்லை, எந்த மாமாவும் மருமகனிடம் தோற்கச் சம்மதிக்க மாட்டார். தனியாகப் போய் உட்காருங்கள். அவர் எதைக் கண்டு பயப்படுகிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது செய்தியில் வரும் எதிரியாக இருக்காது. வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) வாங்கிய பிறகு யாரும் மதிப்பதில்லை, மகன் பேசுவதில்லை, இப்படி ஏதாவது இருக்கும். பொய்ச் செய்தியை ஃபார்வர்டு செய்தால் அதை மட்டும் ‘மாமா, இது பழைய வீடியோ, வேறு ஊரு’ என்று சொல்லுங்கள். கொள்கை விவாதம் வேண்டாம். மாறுவாரா என்றால், சிலர் மாறுகிறார்கள், சிலர் குரலையாவது தணிக்கிறார்கள்.

அவர் யாரையாவது அடிக்கத் திட்டமிடும் கூட்டத்தில் இருக்கிறார் என்றால் இந்தப் பொறுமை பொருந்தாது. அங்கே பாதுகாக்கப்பட வேண்டியவர் உங்கள் மாமா அல்ல.

பிடிக்காத அரசியல்வாதி எல்லாரையும் பாசிஸ்ட் என்று சொல்லலாமா?

சொல்லிக் கெட்டவர்கள் இருக்கிறார்கள். 1932 நவம்பரில் ஜெர்மனியில் நாஜிகள் வாங்கியது 33.1 சதவீதம், முந்தைய தேர்தலைவிடக் குறைவு. சமூக ஜனநாயகக் கட்சி 20.4, கம்யூனிஸ்டுகள் 16.9. கூட்டிப் பாருங்கள், 37.3. ஆனால் கம்யூனிஸ்டுகள் அப்போது சமூக ஜனநாயகவாதிகளைத்தான் ‘சமூக பாசிஸ்டுகள்’ என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதம் முடிவதற்குள், 1933 ஜனவரி 30 அன்று, பழமைவாதப் பெரிய மனிதர்களின் பேரத்தால் ஹிட்லர் பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசியில் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே வதைமுகாமில் சந்தித்துக்கொண்டார்கள்.

எதிர்க்கிறவர்களுக்கும் இந்த நோய் தொற்றுமா?

தொற்றும். தலைவரைக் கேள்வி கேட்டால் துரோகி என்கிற எந்த அமைப்பிலும், அது எந்த நிறக் கொடியாக இருந்தாலும், கவனமாக இருங்கள். மாட்டுங்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், தாதர் ராஜகிருகத்தில் வாழ்ந்த அம்பேத்கர், 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார்: மதத்தில் பக்தி முக்திக்கு வழியாகலாம், அரசியலில் அது சர்வாதிகாரத்துக்குத்தான் வழி. கட்அவுட்டுக்குப் பாலூற்றும் நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டுமா?

யாராவது எதிர்த்து ஜெயித்ததுண்டா?

உண்டு. நாஜிகள் பிடித்து வைத்திருந்த நார்வேயில், அவர்களுக்குத் தலையாட்டிய குவிஸ்லிங்கின் பொம்மை அரசு 1942-ல் எல்லா ஆசிரியர்களும் தன் சங்கத்தில் சேர வேண்டும் என்றது. பெரும்பாலோர் மறுத்துக் கடிதம் எழுதினார்கள். எல்லாரும் ஒரே வாசகத்தை எழுதினார்கள் என்பது முக்கியம். யார் தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாது, யாரையும் தனியாகப் பிரித்தெடுக்கவும் முடியாது. சுமார் 1,000 பேர் கைதானார்கள், பாதிப் பேர் ஆர்க்டிக் பக்கம் கடும் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். சம்பளம் இல்லாமல் போன குடும்பங்களுக்கு மற்றவர்கள் ரகசியமாகப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். கடைசியில் அரசு பின்வாங்கியது.

டென்மார்க்கில் 1943 அக்டோபரில் 7,000-க்கும் அதிகமான யூதர்கள் மீன்பிடிப் படகுகளில் ஸ்வீடனுக்குத் தப்பினார்கள். அதில் படகோட்டிகள் சிலர் நல்ல காசும் வாங்கினார்கள். காசு வாங்கியவன் தியாகி ஆகமாட்டான், ஆனால் ஆள் பிழைத்தார்.

நார்வேக் கதையில் நான் பார்ப்பது வீரத்தைவிட ஏற்பாட்டை. கடிதத்துக்கு முன்பே, யார் வீட்டுக்கு அரிசி யார் கொடுப்பது என்ற பேச்சு நடந்திருக்க வேண்டும். எங்கள் இட்லிக்காரருக்கு நாங்கள் பதில் சொல்லத் தொடங்கியது அந்த வழியில்தான். ஒரு வாரம் அவர் முக்குக்குப் போக முடியாவிட்டால் அந்த இட்லியை எந்தெந்தக் கட்டடங்கள் வாங்கும் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம்.

போலீஸ் அழைத்தால் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

நான் வழக்கறிஞர் இல்லை. அடிப்படை மட்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) வந்திருக்கிறது. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றச்சாட்டுகளுக்குப் பெரும்பாலும் முதலில் 35(3) பிரிவின்படி நோட்டீஸ் தர வேண்டும். வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள், போகாவிட்டால் அதுவே கைதுக்குக் காரணமாகும். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், நீங்கள் குறிப்பிடும் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையில் சொல்லும் வாக்குமூலத்தில் உங்களிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. மராத்தி படிக்கத் தெரியாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. யு.ஏ.பி.ஏ. (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்கு என்றால் கணக்கே வேறு, ஜாமீன் மிகக் கடினம். அதற்கு அனுபவமுள்ள வழக்கறிஞர் முதல் நாளே தேவை.

வழக்கறிஞர் எண்ணை போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள். போனைத்தான் முதலில் வாங்கிக்கொள்வார்கள்.

பயமாக இருக்கிறது. ஒதுங்கி இருந்தால் கோழையா?

இல்லை. மேடையில் பேசுவது ஒரு வேலை. கடை உடைந்தவருக்குக் கதவு வாங்கிக் கொடுப்பது, கைதானவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, ஜாமீனுக்கு ரேஷன் கார்டோடு போய் நிற்பது எல்லாம் வேறு வேறு வேலைகள். செய்ய முடிந்ததைச் செய்யுங்கள். எதுவும் முடியாவிட்டால் காட்டிக்கொடுக்காமலாவது இருங்கள். நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் கோப்புகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ராபர்ட் கெலட்லி, பல வழக்குகள் அக்கம்பக்கத்தார் கொடுத்த புகாரில்தான் தொடங்கின என்று கண்டார். அதில் பல, சொந்தப் பகை.

குழந்தைகளிடம் இதை எப்படிச் சொல்வது?

ஹிட்லரிலிருந்து தொடங்காதீர்கள், அது அவர்களுக்கு ராவணன் கதை போல ஆகிவிடும். எங்கள் கூட்டத்து அக்கா ஒருவர் டியூஷன் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு கட்சியாகப் பிரித்து, மிட்டாயைப் பங்கிடச் சொன்னார். டாஜ்ஃபெலின் சோதனைதான். சண்டை சூடு பிடித்ததும் ஐந்து பேரைக் கட்சி மாற்றிவிட்டார். ஒரு பெண், ‘அக்கா, இப்ப நான் யாரத் திட்டணும்?’ என்று கேட்டாளாம்.